காலை வணக்கத்துக்கு எதிரான புகார்

காலையில் கண் விழித்ததும் செண்பகம் வாசலுக்குப் போய்த் தன் வீட்டுக் கதவின் மேல் ஒளிரும் எண்ணைப் பார்த்தாள். இருபத்து மூன்று. நேற்று இருந்த அதே சூடு. அதன் பிறகுதான் உள்ளே வந்து, கையில்லாத சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

கலிஸ்டோவில் கையில்லாத சட்டை என்பது மரியாதை. வியாழனைச் சுற்றும் அந்த நிலாவில், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நூற்று நாற்பது டிகிரி குளிர். பனிக்குள் குடைந்த பதினொரு சுரங்கங்களில் ஐயாயிரம் பேர் வாழ்ந்தார்கள். ஒவ்வொரு சுரங்கமும் ஒரு தெரு. தெருவுக்கு அடியில் ஓடும் குழாய்களில் அணுவடுப்பின் சூடு வந்தது. வீட்டுக்கு வீடு அளந்து வந்தது. யார் வீடு எத்தனை டிகிரி என்பதைக் கதவின் மேல் எல்லோரும் வாசிக்கலாம். தோள் தெரிய நடப்பவர்களுக்குத் தெருவில் வழி விடுவார்கள். கம்பளி போட்டு நடப்பவரைக் கண்டால் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். கம்பளி போட்டவர் பொய்ச்சாட்சி சொன்னவர்.

இந்த வழக்கம் வந்ததற்குக் காரணம் ஒரு பசை. முப்பது ஆண்டுகளுக்கு முன் கலிஸ்டோவில் எதைத் தேடினாலும் ஒரே இயந்திரம்தான் பதில் சொல்லும். தலைப்பெட்டி என்று அதற்குப் பெயர். ஒருநாள் இரண்டாம் தெருக்காரர்கள், காற்றுக்கதவின் விரிசலை அடைக்க எது நல்லது என்று அதனிடம் கேட்டார்கள். ஒரு பசையைப் புகழ்ந்து நானூறு பக்கங்கள் வந்து நின்றன. நானூறையும் எழுதியவன் ஒரே ஆள், அந்தப் பசையை விற்றவன். மூன்றாம் நாள் கதவு பிளந்துகொண்டது. பத்தொன்பது பேர் இறந்தார்கள். பனி புகுந்த இரண்டாம் தெருவை அதன்பின் யாராலும் திறக்க முடியவில்லை.

தலைப்பெட்டியை உடைத்துப் போட்டுவிட்டு, நடுவில் யாரும் உட்காராத ஒரு வலையை அவர்கள் கட்டினார்கள். ஊர்வலை. ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறிபெட்டி. ஊரின் அறிவில் ஒரு துண்டு அதற்குள் இருக்கும். யாராவது ஒன்றைத் தேடினால் கேள்வி பக்கத்து வீட்டுப் பெட்டிக்குப் போகும். அது தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடும். இப்படி எல்லாத் தெருக்களிலும் அலைந்து பதில்களோடு கேள்வி வீடு திரும்பும்.

நடுவில் ஆள் இல்லையென்றால் குப்பையைத் தடுப்பது யார்? சூடு தடுத்தது. ஒரு செய்தி உண்மை என்று தோன்றினால், பெட்டியின் மேலிருக்கும் தட்டில் உள்ளங்கையை வைத்துச் சாட்சி சொல்லலாம். சொன்ன உடனே வீட்டுச் சூட்டில் கால் டிகிரி பணயமாகப் போய்விடும். மறுநாள் காலைவரை புகார் வராவிட்டால் ஒரு துளி கூடுதலாகத் திரும்பி வரும்; எழுதியவர் வீட்டுக்கும் ஒரு துளி சேரும். பொய் என்று என்றைக்குத் தெரிந்தாலும், சாட்சி சொன்னவர் வீடு நாற்பது நாளுக்கு மூன்று டிகிரி குறையும். எழுதியவர் வீடு ஒன்பது டிகிரி குறையும். தேடுகிறவருக்குப் பதில்கள் சூட்டு வரிசையில் வந்து நிற்கும். சூடான வீடுகளின் சாட்சி மேலே, குளிர்ந்த வீடுகளின் சாட்சி கீழே.

பசை விற்கிறவர்கள் அதன்பின் தலைகாட்டவில்லை. முப்பது ஆண்டுகளில் ஒரு பொய்யான வரிகூட ஊர்வலையின் உச்சியில் ஏறியதில்லை. பூமியிலிருந்து வந்து பார்த்தவர்கள் பெருமூச்சு விட்டுப் போனார்கள்.

“ஏட்டி செண்பகம், அண்ணாச்சி வணக்கத்துக்குக் கை வச்சியா?”

பக்கத்து வீட்டுச் சேர்மக்கனி, கதவைத் தட்டாமலே தலையை உள்ளே நீட்டினாள். அவள் வீடு இருபத்தைந்து டிகிரி. அந்த இரண்டு டிகிரி அவள் குரலில் தெரியும்.

“இன்னும் காப்பியே குடிக்கல மைனி.”

“காப்பி எங்க ஓடிப் போவுது? நேத்து உன் வணக்கத்துக்கு நான் ஆறு மணிக்கே வச்சேன். நீ என்னோடதுக்கு எப்ப வச்ச? ஒம்பது மணிக்கு. நான் ஒண்ணும் குறையாச் சொல்லல. மனசுல பட்டுது, சொல்லுதேன்.”

செண்பகம் சிரித்துக்கொண்டே அறிபெட்டியின் பக்கம் போனாள். திரையின் உச்சியில் வழக்கம்போல் அருமைநாயகம் அண்ணாச்சியின் காலை வணக்கம் இருந்தது. கலிஸ்டோவில் ஒருவரும் கண்ணால் கண்டிராத ஒரு ரோஜாப்பூ. அதன் கீழே, “இன்று எல்லோருக்கும் இனிய நாள்.” மூவாயிரத்து தொள்ளாயிரத்துப் பதினொரு சாட்சிகள். செண்பகம் கையை வைத்தாள். பன்னிரண்டு ஆயிற்று. பிறகு சேர்மக்கனியின் தாமரைக்கு, பிறகு ஐந்தாம் தெருச் சித்தப்பாவின் சூரியகாந்திக்கு, பிறகு நேற்றுத் தனக்குக் கை வைத்த எட்டுப் பேருக்கு.

இதில் யாருக்கும் நஷ்டமில்லை. பசையைப் பற்றிச் சாட்சி சொன்னால் நாளைக்கு அது பிசகலாம். வணக்கம் எப்படிப் பிசகும்? பத்து வணக்கத்துக்குக் கை வைத்தால் மறுநாள் பத்துத் துளி சூடு கூடுதலாக வரும். அருமைநாயகம் அண்ணாச்சி இருபது ஆண்டுகளாக ஒருநாள் விடாமல் வணக்கம் வைத்தவர். மூன்றாம் தெருவின் தலைவர். அவர் வீடு இருபத்தொன்பது டிகிரி. அவர் வெறும் பனியனோடு நடந்து வந்தால் தெருவே எழுந்து நிற்கும்.

செண்பகத்துக்கு அன்று சிரிப்பு நீடிக்கவில்லை.

அவள் மூன்றாம் தெருவின் பாசித்தொட்டியைப் பார்த்துக்கொள்பவள். நாற்பது அடி நீளக் கண்ணாடித் தொட்டி அது. நிறைய பச்சைப் பாசி. தெருவில் நானூற்று முப்பது பேர் விடும் மூச்சை வாங்கிக்கொண்டு நல்ல காற்றாகத் திருப்பித் தருவது அதுதான். எட்டு நாள் முன்பு தொட்டியின் ஓர் ஓரத்தில் விரலளவு வெள்ளை படிந்தது. நாலு நாள் முன்பு ஒரு சாண். இன்று வந்து பார்த்தால் ஒரு முழம். வெளுத்த பாசி நூல்நூலாகப் பிரிந்து மிதந்தது. வெப்பமானி பத்தொன்பது காட்டியது. உப்பு சரி, விளக்கு சரி, நீரோட்டம் சரி. எல்லாம் சரியாக இருந்தபடியே பாசி செத்துக்கொண்டிருந்தது.

இந்த வேகத்தில் போனால் பன்னிரண்டு நாள். அதன் பிறகு தெருவை மூடிவிட வேண்டியதுதான். நானூற்று முப்பது பேரும் மற்றத் தெருக்களில் ஆளுக்கொரு மூலையில் ஒண்ட வேண்டும். மூடிய தெரு உறைந்துவிடும். உறைந்த தெரு திறக்காது. இரண்டாம் தெருவைப் போல.

அவள் அறிபெட்டியிடம் கேட்டாள்: பாசித்தொட்டி ஓரத்தில் வெளுக்கிறது, என்ன செய்வது?

கேள்வி தெருத்தெருவாக அலைந்து, பதினோராயிரத்து இருநூறு பதில்களோடு திரும்பியது. முதலாவது: “பாசியே நம் உயிர். பாசித்தொட்டி காப்பவர்கள் அனைவருக்கும் காலை வணக்கம்.” இரண்டாவது: “பச்சைப் பாசி ஆரோக்கியமானது. வெளுத்த பாசி ஆரோக்கியமற்றது.” மூன்றாவது: “தொட்டியில் கோளாறு இருந்தால் தொட்டி காப்பாளரை உடனே அணுகவும்.”

தொட்டி காப்பாளர் அந்த வரியை இரண்டு முறை வாசித்தாள்.

அடுத்த இரண்டு நாளும் வாசித்துக்கொண்டே இருந்தாள். நானூறு பதில்கள் தாண்டியும் ஒரு பொய் இல்லை. ஒரு பயனும் இல்லை. எல்லாம் உண்மை, ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த உண்மை. வெள்ளை ஒரு முழத்திலிருந்து இரண்டு முழமாயிற்று.

அவள் கணவன் இருதயராஜ் தெருக்களுக்கு இடையே பனிவண்டி ஓட்டுபவன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

“இன்னும் வணக்கத்தைத் தாண்டலையா?”

“கிண்டல் பண்ணாதீங்க. இன்னும் பத்து நாள்தான் இருக்கு.”

“கிண்டல் இல்லட்டி. வண்டியில முன்பக்கம் கூட்டம் அப்பிக்கிட்டு நிக்கும்போது நான் பின்கதவைத் தொறப்பேன். நீயும் அப்படிச் செஞ்சு பாரேன்.”

அவள் பட்டியலின் அடிக்குப் போனாள். அங்கே யாரும் போவதில்லை. ஒன்பது டிகிரி வீடுகளின் சாட்சிகள் கிடக்கும் இடம் அது. ஒன்பதுக்குக் கீழே யார் வீட்டையும் குளிரவிடக்கூடாது என்பது சட்டம். கடைசியிலிருந்து மூன்றாவது பதில் இப்படி இருந்தது:

“தொட்டி வெளுப்பது நோயால் அல்ல, சுவர்ச் சூட்டால். நடுவில் தொங்கும் வெப்பமானியை நம்பாதீர்கள். இன்னொன்றை நூலில் கட்டிச் சுவரோரம் இறக்கிப் பாருங்கள். இருபத்திரண்டுக்கு மேல் பாசி தாங்காது. ஆறு ஜாடிகளில் சோதித்தேன். தவறாகவும் இருக்கலாம்.”

ஒரே ஒரு சாட்சி. எழுதியவளே வைத்தது. ரெபேக்கா, மூன்றாம் தெரு, நாற்பத்தொன்றாம் வீடு. செண்பகத்தின் வீடு முப்பத்தேழு.

நாலு வீடு தள்ளி இருந்த பதில் பதினொரு தெருவும் சுற்றி, பதினோராயிரம் பதில்களுக்கு அடியில் வந்து கிடந்தது.

குளிர்ந்த வீட்டுக்குள் யாரும் போக மாட்டார்கள். குளிர் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு பேச்சு. செண்பகமும் அந்த வாசலை ஓர் ஆண்டாகத் தாண்டித்தான் போயிருக்கிறாள். அன்று தட்டினாள். இரண்டு கம்பளிக்குள்ளிருந்து ஒரு மெலிந்த முகம் எட்டிப் பார்த்தது. முப்பது வயதுகூட இருக்காது.

“என்னக்கா, வீடு மாறி வந்துட்டியளா?”

“இல்ல. உன்னையத்தான் பாக்க வந்தேன்.”

“என்னையவா?” ரெபேக்கா தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். “அப்ப வெரசா உள்ள வாங்க. யாராச்சும் பாத்தா ஒங்களுக்குத்தான் பேரு கெட்டுப் போவும்.”

உள்ளே ஆறு ஜாடிகள் வரிசையாக இருந்தன. நாலில் பச்சை. இரண்டு ஜாடிகளை மட்டும் சூட்டுக்குழாயின் மேல் வைத்திருந்தாள். அவை பால் போல வெளுத்திருந்தன. ரெபேக்கா எதையும் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டாள். கதவு ரப்பர், மருந்துப்பொடி, பாசிமாவு, எல்லாம். இதுவரை அறுபத்தொரு சாட்சி. ஐம்பத்திரண்டு சரி, ஒன்பது தவறு. ஒரு தவறின் நாற்பது நாள் முடிவதற்குள் அடுத்த தவறு வந்து நின்றதால் அவள் வீடு ஏறவே இல்லை.

“தப்பாகும்னு பயமா இருக்கும்ல? பேசாம ரெண்டு வணக்கம் வச்சிருந்தா இந்நேரம் இருபதுக்கு வந்திருப்பியே.”

“வச்சுப் பாத்தேங்கா. ரோசாப்பூ படம். அப்புறம் எனக்கே ஒரு யோசன. அந்தப் பூ வாசமா இருக்கும்னு போட்டிருந்தேன். நான் மோந்து பாத்தனா? எடுத்துட்டேன்.”

செண்பகம் அன்றே ஒரு வெப்பமானியை நூலில் கட்டிச் சுவரோரம் இறக்கினாள். இருபத்தாறு. அந்தச் சுவருக்கு மறுபக்கம் அருமைநாயகம் அண்ணாச்சியின் வீடு. தெருவின் உயிரான தொட்டிக்குப் பக்கத்தில் தெருவின் சூடான வீடு இருக்க வேண்டும் என்பது மரியாதைக்காக வந்த ஏற்பாடு. அவருடைய இருபத்தொன்பது டிகிரியும் இரவுபகலாகச் சுவர் வழியே பாசியைச் சுட்டுக்கொண்டிருந்தது. இருபது ஆண்டுகளின் காலை வணக்கம் அத்தனையும் அந்தச் சுவரில் சேர்ந்திருந்தது.

அண்ணாச்சி பனியனோடு உட்கார்ந்து, விசிறிக்கொண்டே கேட்டார்.

“சாட்சி யாரு?”

“நானும் ரெபேக்காவும், அண்ணாச்சி.”

“எந்த ரெபேக்கா? அந்த ஒம்பது டிகிரியா?” விசிறி நின்றது. “ஏம்மா, அவ சொல்லுக்கு மேல பதினோராயிரம் சொல்லு இருக்குன்னா, ஊரு என்ன கிறுக்குப் பயலுவ ஊரா?”

“ஊர் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனா எதுவும் உதவலையே. ஒங்க வீட்டுச் சூட்டை இருவதுக்கு எறக்கினாப் போதும். நாப்பது நாள்.”

அவர் விசிறியைக் கீழே வைத்தார். பிறகு குரல் தாழ்ந்து வந்தது. “எறக்கலாம். எறக்கிட்டு நான் கம்பளியில்லாம உக்கார முடியுமா? கம்பளியோட வெளிய போனா, அருமைநாயகம் என்னமோ பொய் சொல்லிட்டான்னு பேசுவானுவ. ஒருத்தன்கிட்டயாவது காரணத்தச் சொல்ல முடியுமா? கம்பளியப் பாத்தாலே பேச்சத்தான் நிறுத்திருவானே.”

செண்பகம் எழுந்துகொண்டாள். அவளும் அப்படித்தான் நடந்திருக்கிறாள்.

மறுநாள் காலை திரையில் அண்ணாச்சியின் மல்லிகைப்பூ. அதன் கீழே, “இன்று எல்லோருக்கும் இனிய நாள்.” பழக்கத்தில் கை தட்டில் போய் அமர்ந்துவிட்டது. தொட்டிக்குப் போனாள். வெள்ளை மூன்று முழத்தை எட்டியிருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். அழுது முடித்து வீட்டுக்கு வந்தபோது அந்த வரி இன்னும் திரையின் உச்சியில் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக அவள் அந்த வரிக்குத் தினமும் கை வைத்திருக்கிறாள். அன்றுதான் முதன்முதலாக அதை வாசித்தாள்.

இன்று. எல்லோருக்கும். இனிய நாள்.

வணக்கம் ஒரு செய்தியைச் சொல்கிறது என்பது அதுவரை ஒருவருக்கும் தோன்றியதில்லை. செய்தி என்றால் அது பொய்யாகவும் இருக்கலாம்.

“புகாரா?” இருதயராஜ் சோற்றுத் தட்டைக் கீழே வைத்தான். “காலை வணக்கத்து மேலயா? தோத்துட்டா ஒரு வருசம் ஒம்பது டிகிரிட்டி.”

“செயிச்சாலும் மூணு கொறையும். நானும்தான் கை வச்சிருக்கேன்.”

“அப்ப ஒன் மேலேயே நீ புகார் குடுக்குத.”

“ஆமா.”

அவன் அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு எழுந்துபோய்ப் பரணில் இருந்து இரண்டு கம்பளிச் சட்டைகளை எடுத்து உதறினான். “பூச்சி அரிச்சிருக்கு. போட்டுக்கலாம்.”

புகாரை விசாரிக்க ஏழு பேர் வேண்டும். அந்தச் செய்திக்குக் கை வைக்காத பெரியவர்களிலிருந்து குலுக்கலில் எடுப்பது முறை. இந்த முறை குலுக்க வேண்டியிருக்கவில்லை. விசாரிக்கும் நிலையில் இருந்து, மல்லிகைப்பூவுக்குக் கை வைக்காதவர்கள் ஊரிலேயே எட்டுப் பேர்தான். அவர்களில் ரெபேக்கா இந்த வழக்கில் இருப்பவள். மீதி ஏழு. அவர்களில் மூவர் அன்று தூங்கிவிட்டவர்கள்.

ஏழு பேரும் மல்லிகைப்பூவுக்குச் சாட்சி சொன்ன ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். தட்டில் கையை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். அன்று உங்களுக்கு இனிய நாளாக இருந்ததா?

முதலில் எல்லோருக்கும் கோபம். சேர்மக்கனி செண்பகத்தைப் பார்த்துக் கையை நெரித்தாள். “எந்தக் குடியக் கெடுக்க இந்தப் புகாரு? ஒருத்தர் நல்லா இருன்னு சொன்னது குத்தமா?” ஆனால் தட்டில் கை வைத்ததும் அவள் வாய் தயங்கியது. அன்று பல்வலியில் தூங்கவில்லை என்றாள். அவளுக்கு அடுத்தவருக்கு மகனோடு சண்டை. அதற்கடுத்தவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இனிய நாளா என்று இதற்கு முன் யாரும் தன்னைக் கேட்டதில்லை, அதனால் உடனே சொல்லத் தெரியவில்லை என்றார். இரண்டு நாள் நடந்தது. ஆறாம் தெருவில் ஒருவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்த இன்னொருவர் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் ‘இல்லை’ என்று பதில் சொன்னார்கள்.

கடைசியாக அருமைநாயகம் அண்ணாச்சி. பெரிய உள்ளங்கையைத் தட்டில் வைத்தார்.

“அன்னைக்கு என் சம்சாரம் போன நாளு,” என்றார். “ஒம்போது வருசம்.”

ஏழு பேரில் ஒருவர் மெதுவாகக் கேட்டார். “அப்ப எதுக்கு அண்ணாச்சி அப்படிப் போட்டீங்க?”

“போட்டாத்தான் நாலாயிரம் பேரு கை வைப்பான். அந்த வீட்டுக்குள்ள வேற யாரு இருக்கா, என்கூடப் பேச?”

புகார் உறுதியாயிற்று.

அன்று மாலை கலிஸ்டோவில் மூவாயிரத்து தொள்ளாயிரம் பேரின் சூடு ஒரே நேரத்தில் மூன்று டிகிரி இறங்கியது. அண்ணாச்சியின் வாசலில் இருபது என்று எரிந்தது. எல்லாப் பரண்களிலிருந்தும் பூச்சி அரித்த கம்பளிகள் இறங்கின. எல்லோரும் கம்பளி போட்ட ஊரில் யாரைக் கண்டு பேச்சைக் குறைப்பது? குளிருக்காக நாலைந்து குடும்பங்கள் ஒரே அறையில் கூடி உட்கார்ந்தன. வணக்கம் எழுத ஒருவருக்கும் துணிச்சல் இல்லாததால், நேரிலேயே என்ன, எப்படி என்று விசாரித்துக்கொண்டார்கள். அண்ணாச்சி ஒரு சிவப்புக் கம்பளியோடு தினமும் தொட்டிக்கு வந்து, செண்பகத்தோடும் ரெபேக்காவோடும் உட்கார்ந்து வெள்ளை பின்வாங்குவதைப் பார்த்தார். பதினாறாம் நாள் ஓரத்தில் பச்சை துளிர்த்தது. முப்பதாம் நாள் தொட்டி முழுக்கப் பச்சை.

நாற்பத்தொன்றாம் நாள் சூடு திரும்பி வந்தது. கம்பளிகள் பரணுக்குப் போயின. அண்ணாச்சி மட்டும் தாமே கேட்டுத் தம் வீட்டை இருபதிலேயே வைத்துக்கொண்டார்.

அன்று காலையே ஐந்தாம் தெருவிலிருந்து முதல் பூ வந்தது. அதன் கீழே இப்படி இருந்தது: “இன்று எல்லோருக்கும் இனிய நாளாக அமைய வேண்டும் என்று விரும்புகிறேன்.”

விரும்புவது எப்படிப் பொய்யாகும்? முற்பகலுக்குள் நாலாயிரம் கைகள்.

ஏழு மாதம் போயிற்று. ரெபேக்காவின் சாட்சிக்குப் பதினொரு தெருவிலும் பலர் கை வைத்ததில் அவள் வீடு இருபத்தாறுக்கு ஏறியது. கையில்லாத சட்டை அவளுக்கு அழகாகத்தான் இருந்தது. புதிதாக என்ன சோதிக்கிறாய் என்று செண்பகம் கேட்டபோது ஜாடிகளைப் பார்க்காமல் பதில் சொன்னாள். “ஒண்ணும் இல்லக்கா. தப்பாயிட்டா மறுபடி கீழ போவணும்ல. சூடு பழகிப்போச்சு.”

அப்படியொரு காலையில்தான் செண்பகத்தின் அறிபெட்டியைக் கடந்து ஒரு கேள்வி போயிற்று. ஏழாம் தெருத் தொட்டி காப்பாளர் சந்தனமாரி கேட்டது. எங்கள் பாசித்தொட்டி சுவரோரம் வெளுக்கிறது, என்ன செய்வது?

ஒரு ஆவலில் செண்பகமும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தாள். உச்சியில் வந்தது: “தொட்டி வெளுப்பைக் குணப்படுத்திய மூன்றாம் தெருப் பெண்மணிகளுக்கு வாழ்த்துகள்!” மூவாயிரத்து தொள்ளாயிரம் சாட்சிகள். அதன் கீழே அதே வாழ்த்து வேறு வேறு பூக்களோடு ஆறாயிரம் முறை. எல்லாம் உண்மை. ரெபேக்காவின் பழைய பதில் ஆறாயிரத்து நூற்று நாற்பதாவது இடத்தில் இருந்தது. அடியிலிருந்து வாசிப்பவர்களுக்குக்கூட அது இனிக் கிடைக்காது. அது நடுவுக்கு ஏறியிருந்தது.

சந்தனமாரிக்கு நேராகவே எழுதினாள். தனிச் செய்தியும் சூட்டு வரிசையில்தான் நிற்கும். அவள் பெட்டியில் செண்பகத்தின் செய்தி ஆயிரத்து எண்ணூறாவதாகப் போய் நின்றது. முன்னால் நின்றவை எல்லாம் வணக்கங்கள்.

செண்பகம் மறுபடி பெட்டியின் முன் உட்கார்ந்தாள். பிறகு ஒரு செண்பகப்பூவின் படத்தைத் தேடி எடுத்தாள். தன் பேர்கொண்ட பூவை அவள் பார்ப்பது அதுதான் முதல்முறை. அதன் கீழே பெரிய எழுத்தில், “அனைவருக்கும் இனிய காலை வணக்கம்” என்று எழுதினாள். அதற்கும் கீழே: “தொட்டி வெளுத்தால் சுவரோரம் வெப்பமானியை இறக்கிப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சூட்டை இருபதுக்குக் குறையுங்கள்.”

ஒரு மணி நேரத்தில் மூவாயிரம் கைகள். வணக்கம் எல்லாத் தெருக்களின் உச்சிக்கும் ஏறியது. கை வைத்தவர்களின் பட்டியலில் ஏழாம் தெருச் சந்தனமாரியின் பேரைக் கண்டதும் செண்பகம் தெம்பாகக் காப்பி குடித்தாள்.

மாலையில் ஏழாம் தெருவிலிருந்து மறுபடி அதே கேள்வி வந்தது. வெளுப்பு கூடுகிறது, என்ன செய்வது?

அவள் எழுந்தாள். வாசலில் இருபத்து நாலு என்று எரிந்துகொண்டிருந்தது. பரணிலிருந்து கம்பளியை இறக்கிப் போட்டுக்கொண்டு, இருதயராஜின் பனிவண்டியில் ஏறி உட்கார்ந்தாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. ஏழாம் தெருவுக்கு ஒன்றரை மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே பனிமேட்டின் மேல் வியாழன், யாரும் கை வைக்காத பெரிய பழுப்புத் தட்டுப் போலத் தொங்கியது.

சந்தனமாரியின் வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினாள். கையில்லாத சட்டையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். கம்பளியைக் கண்டு முகம் சுருங்கியது. பேரைச் சொன்னதும் மலர்ந்தது.

“மூணாந்தெரு செண்பகம்க்காவா! ஒங்க காலை வணக்கம் கெடச்சுதுக்கா. பூ எம்புட்டு அழகு! பாத்த ஒடனே கை வச்சிட்டேன்லா!”

அவளுக்குப் பின்னால், கண்ணாடிச் சுவருக்கு அப்பால், தொட்டியின் ஓரம் பாலாக வெளுத்துக் கிடந்தது.

செண்பகம் எட்டிப் பார்த்தாள். எட்டு முழ வெள்ளை, நாள் அதிகமில்லை, சொல்ல வேண்டியது இரண்டே வரி. அவள் கைகூப்பி, “வணக்கம் சந்தனமாரி, நல்லா இருக்கியா?” என்றாள். வேறு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று அவளுக்கும் தெரியவில்லை.